எதிரே போட்ட முக்காலி

பேருந்திலிருந்து இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது எங்கள் வீட்டு ஜன்னலைத்தான். இரண்டாவது மாடி. ஜன்னலின் ஒரு பாதியில் வெள்ளை நூலில் பின்னிய திரை தொங்கும். மறுபாதி மொட்டை. கீழே மருந்துக் கடை வைத்திருப்பவர், "உங்க ஜன்னல் ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டுக்கிட்டு நிக்குதே" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டே படியேறினேன். முதல் மாடி வரைக்கும்தான் சிரிப்பு கூட வந்தது.

அந்த இரண்டாவது திரையைப் பின்னிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்கு அது வந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்தாள். ஊசி கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. பக்கவாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிருக்குப் பயமில்லை, கால் மெல்ல வந்துவிடும், பேச்சும் வரும், வலது கையைப் பற்றி மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார்கள். சொன்னபடியே கால் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்சு பாதி வந்தது. வலது கை மட்டும், யாரோ அவள் மடியில் வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன பொருளாகக் கிடந்தது.

பாதித் திரையை, ஊசி செருகியபடியே, ஒரு தலையணை உறையில் போட்டு அலமாரியின் மேல் வைத்தேன். அம்மாவின் கண் தினமும் அலமாரியின் மேல் போய் நின்றது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

குரோஷாப் பின்னல் எங்கள் வீட்டுக்கு வந்தது அம்மாவின் சின்னம்மா வழியாக. கல்யாணம் ஆகாத அந்தச் சின்னம்மா ஒரு பெட்டியோடும் நுனியில் கொக்கி வைத்த இரண்டு இரும்பு ஊசிகளோடும் வந்து சேர்ந்தாளாம். பெட்டியில் என்ன இருந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஊசிகள் இன்னும் இருக்கின்றன. அம்மாவைத் தோளோடு தோள் இடிக்கப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்தாளாம். "பக்கத்துல உக்காந்தாதான் கையைப் பாத்து கை கத்துக்கும்" என்பாளாம். அம்மா அதைச் சட்டமாகவே வைத்திருந்தாள்.

அந்தச் சட்டத்துக்குள் நான் அடங்காமல் போனதற்குக் காரணம் சோபா.

எங்கள் சோபாவில் இரண்டு பேர்தான் உட்காரலாம். ஜன்னல் ஓரத்தில் அம்மா, அவளுக்கு வலது பக்கம் அக்கா. நான் பிறந்து, தவழ்ந்து, ஊசி பிடிக்கும் வயதுக்கு வருவதற்குள் அந்த இடம் அக்கா பேருக்குப் பத்திரப்பதிவே ஆகிவிட்டது. எனக்கு முக்காலி. சமையலறையில் மேல்தட்டை எட்டுவதற்காக வாங்கிய மர முக்காலியை இழுத்து வந்து, அம்மாவுக்கு நேர் எதிரே போட்டுக்கொள்வேன்.

அம்மா ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் மெஷினில் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் தைப்பாள். நேர்க்கோடு, நேர்க்கோடு, மறுபடி நேர்க்கோடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி, டீயைக் குடித்து, குரோஷா ஊசியை எடுத்த பிறகுதான் அவள் முகத்தில் அவள் வந்து உட்காருவாள். அந்த முகத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். கஷ்டமான இடம் வந்தால் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். வரிசை முடிந்தால் ஒற்றைப் புருவம் மட்டும் ஏறி இறங்கும், யாரிடமோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி.

அந்த முகத்தையும் அந்தக் கைகளையும் எதிரே இருந்து பார்த்தே நான் கற்றுக்கொண்டேன். அம்மாவின் ஊசி எந்தப் பக்கம் தெரிந்ததோ அந்தப் பக்கத்துக் கையில் என் ஊசி. எதிரே உட்கார்ந்தால் அது இடது கை. நான் இடது கைக்காரி இல்லை. எழுதுவது, வெட்டுவது, சாப்பிடுவது, அக்காவைக் கிள்ளுவது எல்லாம் வலது கைதான். குரோஷா மட்டும் இடது கையில் குடியேறிவிட்டது.

அம்மா கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது.

"இது என்னடி, கண்ணாடியில பாக்குற மாதிரி போடுற?"

அன்றிலிருந்து வீட்டில் எனக்குக் கண்ணாடி என்று பேர்.

அக்காவை எழுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தாள். அம்மாவின் தோளில் சோப்பு வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் வந்தது. ஊசியை என் வலது கையில் கொடுத்தாள். கை கட்டையாகிவிட்டது. நூல் சிக்கியது, கண்ணி நழுவியது. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி போட்டேன். எழுந்திருக்கச் சொல்லிவிடுவாளோ என்பதுதான் பயம். கடைசியில் அதைத்தான் சொன்னாள்.

"நீ எதிர்லயே உக்காரு. அங்கதான் உனக்கு வரும்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். நான் முக்காலிக்குப் போனேன். அக்கா சூடு ஆறாத தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது, வெளியாட்களுக்குச் சொன்னால் புரியாது. அம்மா ஒரு வரிசையின் நடுவில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவாள். போகிற போக்கில் பின்னலை அக்காவின் மடியில் போடுவாள். அக்கா விட்ட இடத்திலிருந்து தொடருவாள். அம்மா திரும்பி வந்து வாங்கிக்கொள்வாள். முடித்து விரித்தால் எது அம்மா கை, எது அக்கா கை என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. மேசை விரிப்பு, தலையணை ஓரம், சின்னப் பை, எல்லாவற்றிலும் அவர்கள் இரண்டு பேரும் அப்படிக் கலந்து கிடந்தார்கள்.

என்னால் கலக்க முடியாது. அவர்கள் வலமிருந்து இடமாகப் போவார்கள். நான் இடமிருந்து வலமாக. கண்ணிகள் எதிர்ப் பக்கம் சாயும். நான் தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். துணியை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும், வகிடு எடுத்த மாதிரி.

இருந்தும் ஒருநாள் ஆசை விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அம்மா பாதியில் வைத்திருந்த மேசை விரிப்பை எடுத்து, அவள் வருவதற்குள் சில வரிசைகள் போட்டு மடித்து வைத்தேன். அம்மா வந்தாள், டீ குடித்தாள், விரித்தாள். கோட்டைப் பார்த்தாள். நான் முக்காலியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழகா போட்டிருக்க," என்றாள். "ஆனா சேராதேம்மா."

சொல்லிக்கொண்டே நூலைப் பிடித்து இழுத்தாள். வரிசை வரிசையாகப் பிரிந்து வந்தது. பிரித்த நூலை உருண்டையில் சுற்றினாள். பிறகு அதே நூலில் அவளே போட்டாள். நூல் வீணாகவில்லை. அதற்குப் பிறகு அம்மாவின் பின்னலை நான் தொட்டதில்லை.

*

நான் இப்போது ஆல்டரேஷன் கடையில் வேலை பார்க்கிறேன். சலவைக் கடையை ஒட்டின நீளமான அறை. ஒரு பக்கம் மூன்று மெஷின்கள், மறுபக்கம் ஆவி இஸ்திரி. எனக்கு அதிகமும் பிரிக்கிற வேலை. இடுப்பு இறுகிய பேன்ட், ஜிப் போன கோட்டு, ஊதிப்போன மணமகளின் கவுன். துணியில் ஒரு கீறல் விழாமல் தையலைப் பிரிப்பேன். கடை மாஸ்டர் வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார்: "இந்தப் பொண்ணுகிட்ட எதைக் குடுத்தாலும் சுத்தமா பிரிச்சுத் தரும். மாமியார் மருமக மட்டும் அதுங்களே பிரிஞ்சுக்கும், அதுக்கு ஆள் வேணாம்."

அக்கா பக்கத்துத் தெருவில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். நான் வேலைக்குப் போகும்போது வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். ஒரு நாள் நான் வீடு திரும்பியபோது சோபாவில் அவளுடைய பழைய இடத்தில், தலையணை உறையிலிருந்து எடுத்த பாதித் திரையை மடியில் விரித்து வைத்திருந்தாள். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு," என்றாள் அக்கா என்னிடம். "நான் முடிச்சுத் தொங்கவிட்டுடறேன்னு சொல்றேன். என் கையும் அவ கையும் ஒண்ணுதானே. யாருக்குத் தெரியப்போகுது? கேக்க மாட்டேங்கிறா."

"எனக்கு... தெரியும்," என்றாள் அம்மா. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வர வேண்டியிருந்தது. "அது என்னுது."

"அப்ப அது அப்படியே கிடக்கட்டுமா?"

அம்மா இடது கையை நீட்டினாள். அக்கா திரையைக் கொடுத்தாள். அம்மா தன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் நேராக வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் ஊசியை வைத்து மூடினாள். பூட்டு மாட்டுகிற மாதிரி அவ்வளவு கவனமாக. பிறகு இடது கையை எடுத்தாள். ஊசி தரையில் விழுந்தது.

சத்தம் என்னவோ சின்னதுதான். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் இல்லாமல் தண்ணீர் மட்டும் ஓடுவது கேட்டது.

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண் ஒருத்தி இருந்தாள். தடித்த கொண்டை, கட்டளையிடும் குரல். அம்மாவிடம் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்லுவாள். அடுத்த முறை வந்தபோது பந்தைக் காணோம்.

"பந்து எங்கம்மா?"

அம்மா ஜன்னலைக் காட்டினாள். மருந்துக் கடைக்காரர் அதை மறுநாள் திருப்பிக் கொடுத்தார், எதுவும் கேட்காமல்.

"பாருங்க," என்றாள் பயிற்சிப் பெண் எங்கள் இருவரையும் வாசலுக்கு அழைத்து. "பந்து, கிளிப்பு எல்லாம் இவங்களுக்குச் சரிப்படாது. இவங்களுக்குப் பிடிச்ச வேலையா குடுங்க. வலது கை இப்போதைக்குச் சும்மா துணைக்கு இருக்கட்டும். இடது கை புதுசா கத்துக்கணும். அதுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

அந்த ஆள் நான்தான் என்று அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. குரோஷா என்றால் அக்கா.

அவளும் முயன்றாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியை இடது கையில் பிடித்தாள். ஐந்து விரலும் ஐந்து திசைக்குப் போயின. ஒரு சங்கிலிப் பின்னல் போடுவதற்குள் நெற்றியில் வியர்த்துவிட்டது. அவள் போட்டதைப் பார்த்து அம்மா போட்டாள். இரண்டும் இடியாப்பமாகச் சிக்கின என்று சொன்னாலும் தகும், ஆனால் இடியாப்பத்துக்குக்கூட ஒரு ஒழுங்கு உண்டு.

"பிரி," என்றாள் அம்மா. மறுபடி போட்டார்கள். மறுபடி, "பிரி."

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். கதவோரம் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"ஏய் கண்ணாடி, உனக்குத்தான் இந்தக் கையில வருமே. நீ வந்து காட்டேன்."

"எனக்கா?" என்றேன். "நான் தொட்டு எவ்வளவு காலமாச்சு."

அது பொய். கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மீந்த நூலில், யாரும் கேட்காத பின்னல்களைப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். போட்டதும் பிரித்துவிடுவேன். மாஸ்டர் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏம்மா, வேலையில பிரிக்கிறது போதலையா?" என்றார்.

அம்மா என்னையே பார்த்தாள். கேட்கவில்லை, அவள் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை. இடது கை மட்டும் மடியில் இருந்த நூலை இழுத்து இழுத்துச் சரி செய்தது.

"நாளைக்கு வரேன்," என்றேன், அதே வீட்டில் இருந்துகொண்டே. அக்கா சிரித்துவிட்டாள்.

*

மறுநாள் மாஸ்டரிடம் ஒரு மணல் திண்டைக் கேட்டு வாங்கினேன். வழுக்கிற துணியைத் தைக்கும்போது அதை அந்தத் திண்டில் குத்தி நிறுத்திக்கொள்வோம். தலையணை மாதிரி இருக்கும், உள்ளே மணல், கனமாக இருக்கும். ஒரு கை போதும், மறு கையின் வேலையைத் திண்டு பார்த்துக்கொள்ளும்.

"எதுக்கும்மா?"

"அம்மாவுக்கு மாஸ்டர். வலது கைக்குப் பதிலா."

மாஸ்டர் இருந்ததிலேயே கனமானதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனேன். அக்கா அவள் இடத்தில் இருந்தாள். அம்மா அவள் இடத்தில். நான் சமையலறைக்குப் போய் முக்காலியை இழுத்து வந்து, அம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். யோசிக்கவேயில்லை. கால் தானாகப் போனது.

திரையை அம்மாவின் மடியில் திண்டின் மேல் குத்தி நிறுத்தினேன். முதலில் ஒரு வேலை இருந்தது. அம்மா வரிசையின் நடுவில் விட்டிருந்தாள். அங்கிருந்து இடது கையால் தொடர வழியில்லை. வரிசையின் தொடக்கம் வரைக்கும் போக வேண்டும்.

"அம்மா, இந்தப் பாதி வரிசையைப் பிரிக்கணும்."

பக்கவாதம் வந்த நாளில் அவள் போட்டுக்கொண்டிருந்த வரிசை அது. வலது கை கடைசியாகப் போட்டது. அம்மா அதை விரலால் ஒருமுறை தடவினாள்.

"பிரி."

கடையில் மற்றவர்களுடையதை எத்தனையோ பிரித்திருக்கிறேன். அன்றைக்கு நூலின் முனையைத் தேடிப் பிடிக்கவே நேரமானது. இழுத்தேன். ஒவ்வொரு கண்ணியாக அவிழ்ந்து வந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நூலை உருண்டையில் சுற்றினேன், அவள் சுற்றுகிற மாதிரியே.

பிறகு என் கையில் வேறொரு நூலை எடுத்துக்கொண்டு, மெல்லப் போட்டுக் காட்டினேன். "ஊசியை உள்ள விடும்மா. நூலைச் சுத்து. இழு."

அம்மாவின் கண் என் கையிலேயே இருந்தது. ஆனால் ஊசி பிடித்த அவள் இடது கை அசையவில்லை. மறுபடி காட்டினேன். அசையவில்லை. அக்காதான் முதலில் பார்த்தாள்.

"அங்க பாரு," என்றாள் மெல்ல.

அம்மாவின் மடியில் கிடந்த வலது கையின் இரண்டு விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன. நான் ஊசியை உள்ளே விடும்போது ஒரு துடிப்பு. இழுக்கும்போது ஒன்று. எதிரே என் இடது கை செய்வதை அவள் வலது கை செய்யப் பார்த்தது. நான் கற்றுக்கொண்ட அதே வழியில், அதே தப்பில். வர முடியாத கைதான் வரப் பார்த்தது.

மூன்று பேரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவை களைத்து அடங்கின. அம்மாவின் உதடு கோணியது.

"வராது," என்றாள்.

கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நூலைச் சுற்றி வைக்க ஆரம்பித்தேன். அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இடது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி, தன் வலது பக்கத்துச் சோபாவை, அக்காவின் தொடையைச் சேர்த்தே, தட்டிக்கொண்டிருந்தாள்.

"எதிர்ல... தப்பு," என்றாள். "ஒரே கை. பக்கத்துல வா."

அக்கா சட்டென்று எழுந்திருக்கவில்லை. தன் மடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள்.

"இத்தனை வருஷம் உக்காந்த இடம். வாடகை கேக்காம காலி பண்றேன், பாத்துக்க."

நான் முக்காலியை விட்டு எழுந்து, நின்றேன். நிஜமாகவே எப்படி உட்காருவது என்று தெரியவில்லை.

"உக்காருடி. சோபா கடிக்காது."

"நீ குடுத்து வச்சவக்கா. சின்ன வயசுலேர்ந்து இங்க இருந்த."

"என்னத்தக் குடுத்து வச்சேன்?" அக்கா முக்காலியைத் தன் பக்கம் இழுத்தாள். "பக்கத்துல இருந்தா கை தெரியும். அவ்வளவுதான். திரும்பிப் பாத்தா, கையைப் பாருன்னு தலையில தட்டுவா. நீதான் எதிர்ல உக்காந்து அவ மூஞ்சியையே பாத்துட்டிருப்ப. எனக்கு எவ்வளவு எரியும் தெரியுமா."

எனக்குத் தெரியாது. எதிரே இருந்து நான் பார்த்ததெல்லாம் அவர்கள் இரண்டு பேரின் தோள்களுக்கு நடுவில் இடைவெளியே இல்லை என்பதைத்தான்.

உட்கார்ந்தேன். சோபா அந்தப் பக்கம் பள்ளமாகிக் கிடந்தது. அக்காவின் அளவுக்குப் பள்ளம். அதில் என் உடம்பு அம்மா பக்கமாகச் சரிந்தது. தோள் இடித்தது. மெஷின் எண்ணெய் வாசனை எப்போதோ போய்விட்டிருந்தது. சோப்பும் மருந்தும் மட்டும் வந்தன. அவளுடைய வலது தோளில் என் தோள் படுவது அவளுக்கு உறைக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை.

என் இடது கையில் ஊசி. அவள் இடது கையில் ஊசி. உள்ளே விட்டேன், விட்டாள். நூலைச் சுற்றினேன், சுற்றினாள். இழுக்கும்போது அவளுக்கு நூல் தொளதொளத்தது, பிடித்துக்கொள்ள மறு கை இல்லை. நான் என் ஊசியை வைத்துவிட்டு, அவளுடைய வலது கையின் செயலற்ற விரல்களுக்கு நடுவே நூலைக் கோத்து, மறுமுனையை என் கையில் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தால் நான் விடுவேன். அவள் நிறுத்தினால் இறுக்குவேன்.

முதல் கண்ணி விழுந்தது. பெரியதாக, வாய் பிளந்துகொண்டு.

"பிரிக்கவா?" என்றேன், பழக்கத்தில்.

அம்மா குனிந்து பார்த்தாள். வலது கை போட்ட பழைய வரிசைகளுக்கும் இந்தப் புதிய கண்ணிக்கும் நடுவே அந்தக் கோடு தொடங்கியிருந்தது. நான் மேசை விரிப்பில் போட்ட அதே கோடு. அவளுக்குத் தெரியாமலிருக்காது. எனக்குத் தெரிந்த இடத்தை அவளுடைய நகம் சரியாகத் தொட்டு நின்றது.

"கோடு விழும்மா," என்றேன். "சேராது."

"விழட்டும்," என்றாள்.

*

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் அப்படித்தான் போயின. கடையிலிருந்து வருவேன். அக்கா முக்காலிக்கு மாறுவாள். சில நாள் நான்கைந்து கண்ணிகள். சில நாள் ஒன்றுகூட இல்லை. ஊசியை வீசியெறிந்த நாளும் உண்டு. அன்றைக்கு மருந்துக் கடைக்காரர் மேலே அண்ணாந்து பார்த்து, "இன்னிக்குப் பந்தா?" என்றார். "ஊசி," என்றதும் கடைக்குள் ஓடிவிட்டார்.

அப்படி ஒரு நாள், வரிசையின் நடுவில் அம்மாவுக்குக் கை வலித்தது. ஊசியைப் பின்னலிலேயே விட்டாள். திண்டை இடது கையால் தள்ளி, என் மடியில் சாய்த்தாள்.

"நீ போடு," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுப்பைப் பார்க்கப் போகும்போது அக்கா மடியில் போடுவாளே, அப்படி. நான் அந்தத் திண்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா விட்ட கண்ணிக்கு அடுத்த கண்ணியில் ஊசியை விட்டேன். எத்தனை நேர்த்தியாக எனக்குப் போட வருமோ அத்தனை நேர்த்தியாகப் போடவில்லை. கொஞ்சம் தளர்த்தியே போட்டேன், அவளுடையது மாதிரி. சில கண்ணிகள் போட்டதும் நிறுத்தி விரித்துப் பார்த்தேன். எங்கே அவள் விட்டாள், எங்கே நான் தொடங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. விரலால் தடவித் தேடினேன். கிடைக்கவில்லை.

அம்மா கண்ணைத் திறந்து கையை நீட்டினாள். கொடுத்தேன். நூலின் முனையைப் பிடித்துக்கொண்டேன். வரிசையின் கடைசிப் பக்கம் வந்துவிட்டிருந்தது. ஓரத்தில் திரும்பும் இடம் எப்போதும் கஷ்டம். அவளுடைய மூச்சு மெதுவாகி நின்றது பக்கத்தில் கேட்டது. கை தெரிந்தது. நரம்பு தெரிந்தது, ஊசி தெரிந்தது. முகம் தெரியவில்லை.

எத்தனையோ வருடம் வேண்டாம் வேண்டாம் என்று உட்கார்ந்திருந்த முக்காலி, அந்த ஒரு நிமிடத்துக்கு எனக்கு வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் நூல் இழுபட்டுக் கண்ணி நழுவிவிடும்.

"அக்கா," என்றேன், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன?"

"அம்மா நாக்கு நுனி வெளிய தெரியுதா?"

முக்காலி முன்னால் நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமாடி," என்றாள் அக்கா. "உனக்கு எப்படித் தெரியும்?"

"வரிசை முடியட்டும். புருவம் ஏறும், பாரு. ஒத்தைப் புருவம். ஏறினா சொல்லு."

"பேச்சு... அப்புறம்," என்றாள் அம்மா. "நூல் விடு."

விட்டேன்.